டி.பி. பெட்டியைத் திறந்தால் ஜி.டி. நாயுடு!

காலை ஆறு மணி. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீடு. கீசர் ஓடுது. அடுப்படியில் இண்டக்‌ஷன் மேல் பால். கிரைண்டரில் மாவு. சிறுவாணித் தண்ணி தொட்டியில் நிரம்பியாச்சு, மாடி டேங்குக்கு ஏத்தணும்னு மோட்டார் சுவிட்ச்சைத் தட்டுறாங்க. அதுவும் ஓடுது. இன்னொரு பாத்ரூமில் ரெண்டாவது கீசர், ஹாலில் அயர்ன் பாக்ஸ். கொஞ்ச நேரத்தில் ‘டப்’. வீடே இருட்டு. ‘யாரு கீசர் போட்டது?’ என்று ஒரு குரல், ‘எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க’ என்று இன்னொரு குரல்.

உங்க வீட்டிலும் நடந்திருக்கும்தானே?

ஆர்.எஸ்.புரத்துக்காரர்களுக்கு ‘டி.பி.’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது டி.பி. ரோடுதான். திவான் பகதூர் ரோடு. நகராட்சித் தலைவராக இருந்து சிறுவாணித் தண்ணீர் ஊருக்கு வரப் பாடுபட்ட திவான் பகதூர் சி.எஸ். ரத்தினசபாபதி முதலியாரின் பட்டம் அந்த ரோட்டுக்கு, அவர் பெயர் இந்தப் பேட்டைக்கு. வயர்மேன்களுக்கோ ‘டி.பி.’ என்றால் வேறு. வாசல் பக்கச் சுவரில், காலண்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த டிஸ்ட்ரிபியூஷன் பெட்டி. வீட்டுக்கு வரும் மின்சாரம் எந்த அறைக்கு எவ்வளவு என்று பிரிந்து போகும் இடம் அதுதான். ரோட்டை தினமும் பார்க்கிறோம். பெட்டியை? விழுந்தால் மட்டும்தான் திறக்கிறோம்.

மூடியிருந்த எதையும் திறந்து பார்க்காமல் விடாத ஒரு மனிதர் இந்த ஊரில் வாழ்ந்தார். ஜி.டி. நாயுடு. அவர் கதையைச் சொல்லிக்கொண்டே போனால், உங்க வீட்டுப் பெட்டிக்கும் கணக்கு வந்துவிடும். வாங்க.

கலங்கல் பையன்

1893 மார்ச் 23. கோவை பக்கத்தில் கலங்கல் கிராமம். கோபால்சாமி நாயுடு என்ற விவசாயியின் மகனாகப் பிறந்தார் துரைசாமி. சின்ன வயசிலேயே அம்மா இல்லை. பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடியவர் என்று ஊரில் இன்றும் சிரித்தபடி சொல்வார்கள். படிப்பு சில வகுப்புகளோடு சரி. மற்றதெல்லாம் தோட்டத்து வேலையும், கையில் கிடைத்த புத்தகமும்தான்.

ஒருநாள் கிராமத்துப் பக்கம் ஓர் ஆங்கிலேய அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, தானாக ஓடுது வண்டி! பையனுக்குத் தூக்கம் போயிற்று. கோவைக்கு வந்தார். ஹோட்டலில் சர்வர் வேலை. டேபிள் துடைத்து, காபி கொடுத்து, ஒவ்வொரு காசாகச் சேர்த்தார். சில வருஷம் கழித்து அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளையே 300 ரூபாய்க்கு வாங்கினார்.

வாங்கியதும் ஜம்மென்று ஊரைச் சுற்றி வந்திருப்பார் என்றுதானே நினைப்பீங்க? அவர் செய்த காரியம் வேறு. வண்டியைப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் எதற்கு, எதனுடன் எது சேருகிறது என்று பார்த்துப் பார்த்து மறுபடி பூட்டினார். அவர் படித்த பொறியியல் கல்லூரி அந்த ஒரு வண்டிதான்.

தாங்காத சுமை

அடுத்து பஞ்சு. முதல் உலகப் போர் நேரம். திருப்பூரில் பஞ்சு அரைவைத் தொழிலில் இறங்கி நன்றாகவே சம்பாதித்தார். கையில் பணம் புரண்டதும் பம்பாய்க்குப் போனார். பஞ்சு வியாபாரத்தில் பெரிய ஆட்களோடு மோதினார். போட்ட காசு போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

நம்மில் பலர் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம். இவர் கோவையில் பஞ்சாலை வைத்திருந்த ஸ்டேன்ஸ் துரையிடம் போனார். ராபர்ட் ஸ்டேன்ஸ் பஸ் வாங்கக் கடன் கொடுத்து உதவினார். 1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில். டிரைவர் யார்? முதலாளிதான். அந்த ஒரு பஸ் பெருகிப் பெருகி யுனைடெட் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். ஆனது. 1933-ல் அவரிடம் 280 பஸ்கள் இருந்தன.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. மின் சுமைக் கணக்கின் முதல் பாடம் இந்த பஸ் ஸ்டாண்டிலேயே இருக்கு.

280 பஸ் இருக்கிறது என்பதற்காக 280 பஸ் நிற்கிற மாதிரி ஒரு ஸ்டாண்டை யாரும் கட்டமாட்டார்கள். சில பஸ் ரோட்டில் இருக்கும், சில ஷெட்டில் இருக்கும். கூட்டம் அதிகமான நேரத்தில் ஒரே சமயம் எத்தனை பஸ் வந்து நிற்கும் என்று எண்ணி, அதற்கு மேல் ரெண்டு மூணு இடம் விட்டுக் கட்டினால் போதும். மின்சாரத்திலும் அதேதான். வீட்டில் இருக்கும் எல்லாச் சாதனங்களின் வாட்ஸையும் கூட்டினால் வருவது ‘இணைக்கப்பட்ட சுமை’. அதில் ஒரே நேரத்தில் உண்மையாக ஓடுவது எவ்வளவு என்பது ‘உச்சத் தேவை’. மெயினும் வயரும் இந்த ரெண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகணும். முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டால் வீண் செலவு. ரெண்டாவது எண்ணைக் குறைத்து மதிப்பிட்டால் காலை ஆறு மணிக்கு ‘டப்’.

பைக்காராவிலிருந்து வந்த வெளிச்சம்

1932. நீலகிரியில் பைக்காரா ஆற்றுத் தண்ணீரை ஏறத்தாழ 3,000 அடி கீழே சிங்காராவுக்கு இறக்கி மின்சாரம் எடுக்க ஆரம்பித்தது சென்னை மாகாண அரசு. அந்தக் கம்பி கோவைக்கு வந்தது. அதற்குப் பிறகு இந்த ஊர் பழைய ஊராக இல்லை.

அதுவரை மில் என்றால் நீராவி இன்ஜின். ஒரு பெரிய இன்ஜின், அதிலிருந்து கூரையை ஒட்டி நீண்ட இரும்புத் தண்டு, தண்டிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட். இன்ஜின் நின்றால் மொத்த மில்லும் நிற்கும். மின்சாரம் வந்தபின் மெஷினுக்கு மெஷின் தனித்தனி மோட்டார் வைக்கலாம். ஒன்று கெட்டால் அதை மட்டும் நிறுத்திச் சரிசெய்யலாம். பெல்ட்டும் தண்டும் செய்த வேலையை இப்போது வயரும் சுவிட்சும் செய்தன. எந்த மெஷினுக்கு எந்தக் கம்பி, எங்கே பியூஸ், எங்கே சுவிட்ச் என்று எல்லாவற்றையும் ஒரு பலகையில் ஒழுங்காக வைக்க வேண்டி வந்தது. டிஸ்ட்ரிபியூஷன் பேனலின் தேவை புரிய இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனால் மோட்டார்? அது கப்பலில்தான் வந்தது. கெட்டுப்போனால் உதிரிப் பாகத்துக்கும் கப்பலைத்தான் பார்க்கணும்.

பஸ் முதலாளிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அவருக்கு மூடிய பெட்டி எதுவும் பிடிக்காது என்று முன்னமே சொன்னேனே! 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டாரைக் கோவையிலேயே செய்தார்கள். இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று கோவை இன்றும் பெருமைப்படுவது இதைத்தான். பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கினார். பீளமேட்டிலும் கணபதியிலும் இன்று தெருவுக்குத் தெரு மோட்டார், பம்ப் பட்டறைகள். அந்தக் குடும்ப மரத்தின் வேரில் 1937 இருக்கிறது.

கிணற்று மேட்டில் ஒரு கணக்கு

கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. மோட்டாருக்கு முன்னால் கவலை ஏற்றம்தான். தோல் பறியில் தண்ணீரை நிரப்பி, மாட்டை வாரியில் முன்னும் பின்னும் ஓட்டி இறைப்பார்கள். விடியறதுக்கு முன்னாடி ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை நடக்கும். மாட்டுக்கும் ஓய்வில்லை, ஓட்டுகிற ஆளுக்கும் ஓய்வில்லை. அந்த வேலையை ஒரு சுவிட்ச் எடுத்துக்கொண்டது. விவசாயி வீட்டில் பிறந்த நாயுடுவுக்கு அதன் அருமை சொல்லித்தெரிய வேண்டியதில்லை.

மோட்டார் வந்ததும் ‘எத்தனை எச்.பி.?’ என்ற கேள்வியும் கூடவே வந்தது. ஒரு எச்.பி. என்றால் 746 வாட்ஸ். 3 எச்.பி. மோட்டார் என்றால் 2,238 வாட்ஸ். ஆனால் இது மோட்டார் கொடுக்கிற வேலை. அது உள்ளே வாங்குவது இன்னும் அதிகம். நூறு வாங்கினால் எண்பது கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால் சுமார் 2,800 வாட்ஸ் வாங்குகிறது. த்ரீ பேஸில் 415 வோல்ட்டில், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் ஓடும்போது ஒரு கம்பியில் சுமார் 5 ஆம்பியர்.

5 ஆம்பியர்தானே என்று மெல்லிசாக வயரும் சின்ன பியூஸும் போட்டால் போச்சு. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் எழுந்து ஓடுவதற்குள் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரு சில நொடிதான். ஆனால் அந்த நொடியில் 30 ஆம்பியர்! சும்மா நிற்கிற மாட்டு வண்டியைத் தள்ளிக் கிளப்பப் படும் பாடும், அது உருள ஆரம்பித்தபின் படும் பாடும் ஒன்றா? அதே கதைதான். அதனால்தான் பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார் டெல்டா ஸ்டார்டர் வைக்கிறார்கள். முதலில் ஸ்டாரில் ஓடவிட்டு, வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாற்றும். லைனில் இழுக்கிற ஆரம்பக் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

இன்னொன்று. தோட்டத்தில் லோ வோல்டேஜ் என்றால் மோட்டார் மெதுவாக ஓடும், அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லைங்க. வோல்ட் குறைந்தாலும் அதே தண்ணீரை அதே உயரத்துக்குத் தூக்கியாகணும். அதனால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். கரண்ட் ரெட்டிப்பானால் சூடு நாலு மடங்கு. காயில் கருகும். வைண்டிங் கடைக்குக் கொண்டுபோகணும். ஓவர்லோட் ரிலேவை வேண்டுமென்றே ஏற்றி வைத்துவிட்டு, மோட்டார் சரியில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

பேட்டரி ரேசரும் 70 ரூபாய் ரேடியோவும்

மின் சுமையின் ஒரு முனை மில் மோட்டார் என்றால் மறுமுனை கைக்குள் அடங்கும் சமாச்சாரங்கள். நாயுடு ரெண்டையும் பார்த்தவர். டிரை செல் பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டாரை வைத்து ‘ரசன்ட்’ என்ற ஷேவிங் ரேசரை உருவாக்கினார். மிக மெல்லிய பிளேடு, கேமராவுக்கு தூரத்தைச் சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், முறைகேடு செய்ய முடியாத வாக்குப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும்.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இங்கேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குத் தரலாம் என்று செய்து காட்டினார். தயாரிக்க அரசு உரிமம் தரவில்லை. கார் அத்தோடு நின்றது.

நடுவில் மாகாணத் தேர்தலில் நின்று தோற்றார். 1936-ல் லண்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம்பிடித்தார். கலங்கல் பையனின் வாழ்க்கை இப்படி ஒரே நேரத்தில் பத்து சர்க்யூட்டில் ஓடியது.

ரெண்டு வருஷமா, நாலு வருஷமா?

இனிதான் நம்ம கதையின் முக்கியமான இடம்.

1945. சென்னை மாகாண கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. தொடங்க உதவியவர், முதல் பிரின்சிபால் இருவரும் ஒரே ஆள்தான். ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடத்தை முடிக்காதவர் பொறியியல் கல்லூரிக்கு பிரின்சிபால்! அவினாசி ரோட்டில் பஸ் கண்டக்டர்கள் இன்றும் ‘ஹோப் காலேஜ் இறங்கு’ என்று கூவுவது அந்தப் பெயரைத்தான்.

அவருடைய கட்சி எளிமையானது. நாலு வருஷப் படிப்பு நேர விரயம், பட்டறையில் கைவைத்துக் கற்றால் ரெண்டு வருஷமே போதும் என்பது. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டுவிட்டார். கல்லூரி பின்னால் இடம் மாறியது. ஆர்.எஸ்.புரத்தை ஒட்டி, தடாகம் ரோட்டில் இருக்கும் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரிதான் அது. ஜி.சி.டி. என்றால் உங்களுக்கு உடனே தெரியும். வாக்கிங் போகும்போது அதன் சுற்றுச்சுவரைத் தாண்டித்தானே போறீங்க!

யார் சொன்னது சரி? மனசைத் தொட்டுச் சொன்னால், ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு துணை மின் நிலையத்தையோ பத்து மாடி ஆஸ்பத்திரியையோ வடிவமைக்கிறவருக்கு ஆழமான கணிதமும் வருஷக்கணக்கான படிப்பும் வேணும். ஷார்ட் சர்க்யூட் ஆனால் எத்தனை ஆயிரம் ஆம்பியர் பாயும், பேனல் அதைத் தாங்குமா என்பது தமாஷ் இல்லை. ஆனால் ஒரு வீட்டின் சுமைக் கணக்கு? கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். இந்தக் கணக்கையும் பெரிய படிப்பு படித்தவர்களின் ரகசியம் மாதிரி நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோமே, அந்த இடத்தில் நாயுடு பக்கம்தான் என் ஓட்டு.

சரி, நாமே போட்டுப் பார்ப்போமா? ஒரு பேப்பர், பேனா எடுத்துக்கங்க.

ஒரு ஆர்.எஸ்.புரம் வீட்டின் கணக்கு

ஒவ்வொரு சாதனத்தின் பின்னாலும் ஒட்டியிருக்கும் வாட்ஸைப் பார்த்து எழுதுங்க. நான் ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கிறேன்.

எல்.இ.டி. பல்ப் பத்து, தலா 10 வாட்ஸ்: 100. ஃபேன் ஐந்து, தலா 75: 375. ஃபிரிட்ஜ் 200. டி.வி. 100. வாஷிங் மெஷின் 500. மிக்ஸி 750. நம்ம ஊர் பெயரோடு புவிசார் குறியீடு வாங்கிய வெட் கிரைண்டர் 150. கீசர் ரெண்டு, தலா 2,000: 4,000. ஒன்றரை டன் ஏ.சி. ரெண்டு, தலா 1,700: 3,400. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000. அயர்ன் பாக்ஸ் 1,000. ஒரு எச்.பி. தண்ணி மோட்டார், வாங்குவது 1,000.

மொத்தம் 13,575 வாட்ஸ். பதிமூன்றரை கிலோவாட். சிங்கிள் பேஸில் 230 வோல்ட்டால் வகுத்தால் 59 ஆம்பியர். பயந்துடாதீங்க. பஸ் ஸ்டாண்டை நினைச்சுக்கங்க. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது.

இரவு பத்து மணிக்கு ரெண்டு ஏ.சி., ஃபிரிட்ஜ், ரெண்டு ஃபேன், ஒண்ணு ரெண்டு லைட். சுமார் 3,800 வாட்ஸ். 17 ஆம்பியருக்குள் அடக்கம். காலை ஆறு மணிக்கு ஒரு கீசர் 2,000, இண்டக்‌ஷன் 2,000, மோட்டார் 1,000, மிக்ஸி 750, கிரைண்டர் 150, ஃபிரிட்ஜ் 200, லைட்டும் ஃபேனும் 300. மொத்தம் 6,400. 28 ஆம்பியர்.

பார்த்தீங்களா? நாம் எப்பவும் ஏ.சி. மேல்தான் பழி போடுவோம். இந்த வீட்டின் உச்சத் தேவை காலையில் அடுப்படியிலும் பாத்ரூமிலும் இருக்கு.

இதோடு ரெண்டாவது கீசரும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்தால் 9,400 வாட்ஸ். 41 ஆம்பியர். மெயின் 32 ஆம்பியர் என்றால்? உடனே விழாது. எம்.சி.பி.க்குள் ரெண்டு உலோகம் ஒட்டிய பட்டை ஒன்று இருக்கும். சூடேற ஏற அது வளையும். கொஞ்சம் அதிகமான சுமை என்றால் கொஞ்ச நேரம் பொறுக்கும், ரொம்ப அதிகம் என்றால் சீக்கிரம் விழும். ‘எப்ப விழும்னே தெரியலை’ என்று நாம் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

பெட்டிக்குள் யார் எங்கே?

இந்த வீட்டுக்கு த்ரீ பேஸ் வாங்கினால் மட்டும் பிரச்னை தீராது. ரெண்டு கீசரும் அடுப்பும் ஒரே பேஸில் மாட்டியிருந்தால் அந்த ஒன்றிலேயே 26 ஆம்பியர் ஏறி, மற்ற ரெண்டும் சும்மா கிடக்கும். பேனல் வடிவமைப்பு என்பது இந்தப் பங்கீடுதான்.

முதல் பேஸில் கீசர் ஒன்று, லைட், ஃபேன், கூடவே ஏ.சி. ஒன்று. இரண்டாவதில் இன்னொரு கீசர், அயர்ன் பாக்ஸ் பாயின்ட், இன்னொரு ஏ.சி. மூன்றாவதில் அடுப்படியும் மோட்டாரும். அந்த 9,400 வாட்ஸை இப்போது போட்டுப் பாருங்க. முதலாவதில் 2,300, அதாவது 10 ஆம்பியர். இரண்டாவதில் 3,000, 13 ஆம்பியர். மூன்றாவதில் 4,100, 18 ஆம்பியர். யாரும் மூச்சு முட்டவில்லை. ஏ.சி.யையும் கீசரையும் ஒரே பேஸில் வைத்தது ஏன்? இவங்க வீட்டில் ஒன்று ராத்திரி ஓடுது, மற்றது காலையில் ஓடுது.

அடுத்து வயர். லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர். 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5. கீசர், ஏ.சி. போன்றவற்றுக்கு 4. எம்.சி.பி. என்பது காவல்காரர். யாருக்குக் காவல்? பலரும் ஃபிரிட்ஜுக்கு, டி.வி.க்கு என்று நினைக்கிறோம். அது சுவருக்குள் ஓடும் வயருக்குக் காவல். 1.5 வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி. போடுவார்கள். அடிக்கடி விழுதே என்று அதைக் கழற்றி 32 மாட்டினால், காவல்காரரைத் தூங்கச் சொன்ன மாதிரி. வயர் கருகிய பிறகும் அவர் எழமாட்டார். அந்தக் காலத்தில் பியூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதில் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். அதே தப்பின் புது வடிவம்தான் இது.

மோட்டாருக்கு ‘சி’ வகை எம்.சி.பி. கேளுங்க. ‘பி’ வகை மூன்று முதல் ஐந்து மடங்கு கரண்டிலேயே சட்டென்று விழும். ‘சி’ வகை ஐந்து முதல் பத்து மடங்குவரை பொறுக்கும். மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்று கிணற்று மேட்டில் பார்த்தோம் அல்லவா?

உயிருக்குக் காவல் வேறு ஒருவர். ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்கோ கசிகிறது, ஒருவேளை உங்க கை வழியாக, என்று தெரிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். அதில் ‘டெஸ்ட்’ பட்டன் இருக்கும். அப்பப்ப அமுக்கிப் பாருங்க. விழணும். விழலைன்னா மாத்தணும். எர்த் கம்பி எல்லா பிளக்குக்கும் போயிருக்கணும். த்ரீ பேஸ் வீட்டில் நியூட்ரல் ஸ்குரூ லூஸாகிக் கழன்றால் 230 வரவேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வோல்ட் ஏறலாம். ஒரே நிமிஷத்தில் டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் போகும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியில் ஸ்குரூக்களை வயர்மேனை விட்டு முறுக்கச் சொல்லுங்க. நாளைக்கு இன்னொரு ஏ.சி.யோ எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜரோ வரும். நாலைந்து இடம் காலியாக இருக்கிற பெட்டியாக வாங்கிடுங்க.

ஒரு எச்சரிக்கை. கணக்கு போடுவது உங்க வேலை. கம்பியில் கை வைப்பது உரிமம் பெற்ற வயர்மேன் வேலை. நாயுடு வண்டியைத்தான் பிரித்தார், ஓடுகிற வண்டியைப் பிரிக்கவில்லை.

கடைசி வருஷங்கள்

தொழிலோடு விவசாய ஆராய்ச்சியும் அவரை விடவில்லை. பருத்தி, சோளம், பப்பாளி என்று தோட்டத்திலும் சோதனைகள். சர் சி.வி. ராமனே வந்து பார்த்த தோட்டம் அது. 1967-ல் கோவையில் நிரந்தரத் தொழில் கண்காட்சியைத் திறந்தார். உலகம் பூராவும் சுற்றி வாங்கிவந்த இயந்திரங்களையும் தான் செய்தவற்றையும் ஊர்ப் பிள்ளைகள் பக்கத்தில் வந்து பார்க்கட்டும் என்று வைத்தார். 1974 ஜனவரி 4-ம் தேதி மறைந்தார். வயது எண்பது.

இன்று அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை பத்து கிலோமீட்டருக்கு நீளும் மேம்பாலத்துக்கு அவர் பெயர். 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஹோப் காலேஜ் வழியாகத்தான் அது போகுது. பிரின்சிபால் பதவியை உதறிவிட்டு வந்தவரின் பெயர், அந்தக் கல்லூரிப் பெயர் கொண்ட ஸ்டாப்புக்கு மேலேயே!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் பண்ணுங்க. காலண்டரை நகர்த்தி டி.பி. பெட்டியின் கதவைத் திறங்க. எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதியிருக்கா? பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொன்றாக இறக்கி, எது அணைகிறது என்று வீட்டுப் பிள்ளைகளை ஓடிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. நீங்க போட்ட வாட்ஸ் கணக்கோடு அதையும் ஒரு பேப்பரில் எழுதி, கதவின் உட்பக்கம் ஒட்டிடுங்க. வயர்மேன் வரும்போது அந்தப் பேப்பரைக் காட்டிப் பேசுங்க. அவரும் சந்தோஷமா ஒரு காபி சேர்த்துக் குடிச்சிட்டுப் போவார்.

கீசர் ரெண்டும் ஒண்ணாப் போட வேண்டாம்னு வீட்டில் சொல்லிடுங்க. குறைந்தபட்சம் மோட்டார் ஓடி முடியற வரைக்கும்!